சந்துப் பக்கத்து ஜன்னல்

ஜூன் 9, திங்கள்

பட்டாணியின் அம்மாவுக்கு,

நலமா என்று தொடங்குவதா, நலம் என்று தொடங்குவதா என்று யோசித்ததிலேயே இரண்டு தாள் வீணாகிவிட்டது. நம் குடும்பநல ஆலோசகர் அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார், "போன்ல பேசாதீங்க, பேசினா சண்டைதான். எழுதுங்க. எழுதினா கை வலிக்கும், திட்டு தானா குறையும்" என்று. கை வலிப்பது நிஜம். டிரைவிங் ஸ்கூல் வைத்த நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும்தானே.

காலை ஏற்பாடு நன்றாகப் போகிறது. பட்டாணி வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, முந்தைய நாள் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டுகிறாள். பள்ளி வாசல் வரும்வரை நான் வாயே திறக்க வேண்டியதில்லை. பிரிந்திருக்கும் இந்த ஏழு மாதத்தில் அந்த நேரம் ஒன்றுதான் எனக்கு நாள். மற்றதெல்லாம் கிளட்ச்சும் பிரேக்கும்.

ஒரு நாள்கூட நான் தாமதமாக வரவில்லை என்பதைக் கவனித்தாயா? கவனித்திருக்க மாட்டாய். தாமதத்தை மட்டும்தான் நீ கவனிப்பாய். "ஒரு நாள் லேட்டானாலும் காலை வேளை கட்" என்று ஆலோசகர் அம்மா முன்னால் நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஏழரைக்கு வரச் சொன்னால் ஏழரைக்கு உன் வாசலில் ஹாரன் அடிக்கிறேன். ஊரின் அந்தக் கோடியிலிருந்து காலை நெரிசலில் இது எப்படி முடிகிறது என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.

ஆனால் அவள் இருமல் எனக்குப் பிடிக்கவில்லை. படியில் இறங்கும்போதே இருமிக்கொண்டு வருகிறாள். ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுக்கிறாயா? என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஏசி ஃபில்டரை மாற்றிவிட்டேன், சீட் உறையெல்லாம் துவைத்துவிட்டேன். கண்ணாடியை இறக்குவதே கிடையாது. அவள் ஏறும்போதே வண்டி குளுகுளுவென்று இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

இதை உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன். பதிலை அவள் பையில் வை.

பட்டாணியின் அப்பா


ஜூன் 12, வியாழன்

பட்டாணியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் எழுத்து மாறவே இல்லை. மையில் விழுந்த எறும்பு எழுந்து நடந்த மாதிரி இருக்கிறது. படித்து முடிக்க எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஃபிரிட்ஜ் தண்ணீர் கொடுக்கவில்லை. ஐஸ்கிரீமும் கொடுக்கவில்லை. அவளைக் குழந்தைகள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். மூச்சுக் குழாய்கள் வீங்கியிருக்கின்றன, ஆஸ்துமாவின் ஆரம்பம் என்றார். இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். வீட்டருகில் எது புகைகிறது என்று கேட்டார். எதைச் சொல்வது? முன்பக்கம் பெரிய சாலை. பஸ்ஸும் லாரியும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. அதற்காகத்தானே பின்னறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தச் சத்தத்தையும் புகையையும் நான் எடுத்துக்கொண்டேன்? கடையில் காலையில் துடைத்து அடுக்கும் கண் பரிசோதனைக் கண்ணாடிகள் மதியத்துக்குள் மங்கிவிடுகின்றன. துடைத்த துணியை அலசினால் தண்ணீர் கறுப்பாக ஓடுகிறது. முன்பெல்லாம் அலசிவிட்டுப் போய்விடுவேன். இப்போது அந்தத் தண்ணீரைப் பார்த்தால் அவள் நெஞ்சுதான் ஞாபகம் வருகிறது.

எப்படிப் பள்ளிக்குப் போகிறாள் என்றும் கேட்டார். காரில், கண்ணாடியை ஏற்றிவிட்டு என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். நெரிசலில் ஊர்ந்து போகும்போது முன்னால் நிற்கும் வண்டி விடுவதுதான் உங்கள் வண்டிக்குள் வருகிறதாம். முடிந்தால் பஸ்ஸில் போய், மீதியை உள்தெரு வழியாக நடக்கட்டும் என்றார். இது என் வார்த்தை இல்லை. அவர் சொன்னது. கோபத்தை அவர் மேல் காட்டுங்கள்.

ஆனால் எனக்கு வேறொரு கவலை. இருமல் உங்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே, விடிவதற்குள் ஆரம்பித்துவிடுகிறது. காலையில் அந்த அறைக்குள் போனால் டீசல் நாற்றம். அந்த ஜன்னலுக்குக் கீழே சந்துதானே, ஒரு ஈ காக்காய் வராது என்று நினைத்திருந்தேன். இன்னொன்று. ராத்திரி ஜன்னலை நானே தாழ் போட்டுவிட்டுப் படுக்கிறேன். காலையில் திறந்து கிடக்கிறது. அவளைக் கேட்டால் தெரியாது என்கிறாள். எனக்கு மறதி வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பட்டாணியின் அம்மா


ஜூன் 16, திங்கள்

பட்டாணியின் அம்மாவுக்கு,

உனக்கு மறதியா? நம் கல்யாணத்தன்று நான் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாய். தாழ்ப்பாள்தான் தேய்ந்திருக்கும். ஒரு ஆணி அடித்தால் சரியாகிவிடும்.

டாக்டரம்மா நன்றாகப் படித்தவர், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸும் நடையும் என்றால் எனக்குச் சம்மதமில்லை. நீ சாலையைப் பார்க்கிறாய். நான் சாலையில் போகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதனால்தான் சொல்கிறேன், அவர்களை நம்பி என் பிள்ளையை நடக்க விட முடியாது. போன வாரம் ஒரு அம்மணி, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என் பக்கம் இரண்டாவது பிரேக் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது. ஊரில் மற்ற வண்டிகளில் எல்லாம் அந்த இரண்டாவது பிரேக் கிடையாது. அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. என் வண்டிக்குள் இருக்கும்வரைதான் அவள் என் கண்ணுக்குள் இருக்கிறாள்.

சந்து விஷயத்தை என்னிடம் விட்டுவிடு. துப்புத் துலக்க ஆரம்பித்துவிட்டேன். முதல் சந்தேகம் பால் வண்டி. இன்று காலை அந்த ஆளை நிறுத்தி, குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கீழே புகை விடுகிறாயே என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இது பேட்டரி வண்டி. இதுல புகை வரணும்னா நான்தான் சிகரெட் பிடிக்கணும்" என்றார். அசடு வழிந்தபடி அரை லிட்டர் பால் வாங்கிக்கொண்டேன். வேண்டாத பால். மதியத்துக்குள் திரிந்துவிட்டது.

அடுத்த சந்தேகம் உங்கள் பின்கட்டிடத்துத் தையல் கடை. வாசலில் ஒரு ஜெனரேட்டர் பூதம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கேட்டுப் பார். நீ கேட்டால் பதில் வரும். நான் கேட்டால் சண்டைதான் வரும்.

பட்டாணியின் அப்பா


ஜூன் 24, செவ்வாய்

பட்டாணியின் அப்பாவுக்கு,

நேற்றிலிருந்து நான் கண் மூடவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டதாக நினைக்க வேண்டாம்.

உங்களிடம் முழுதாகச் சொல்ல நேற்று முடியவில்லை. இருமல் சத்தம் நின்றுவிட்டதே, நன்றாகத் தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தபடிதான் அறைக்குள் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டிருந்தாள். இருமக்கூட மூச்சு இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக் குழி உள்ளே போயிற்று. இன்ஹேலரை அடித்தேன். கேட்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தேன். பேசி வைப்பதற்குள் நீங்கள் மாடிப்படியில் ஏறி வந்துவிட்டீர்கள். இன்னும் சரியாக விடியக்கூட இல்லை. எப்படி வந்தீர்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது உங்கள் சட்டைப் பட்டனை அவள் பிடித்திருந்த பிடி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முகமூடியை வைத்து மருந்துப் புகை கொடுத்தபோது, புகையால் வந்ததற்குப் புகையே மருந்தா என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அழுதீர்கள் என்று தெரியும். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வந்ததும் வராததுமாகத் தையல் கடைக்குப் போய்க் கத்தினேன். அந்த மனிதர் ஜெனரேட்டர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. ஜெனரேட்டர் ஓடியே ஒரு வருஷம் ஆகிறதாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது கீழே நின்ற என் ஸ்கூட்டரைப் பார்த்தேன். கடை எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம். வெயில் என்று ஒரு நாள், சேலை கசங்கும் என்று ஒரு நாள், கடைசியில் காரணமே இல்லாமல் தினமும் அதில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள், என் வண்டிப் புகை மட்டும் சாம்பிராணியா? இன்று நடந்து போனேன். கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜன்னலைக் கயிற்றால் கட்டிவிட்டேன். இன்னொரு முறை இப்படி வந்தால் என்னால் தாங்க முடியாது. அடுத்த மாதம் ஆலோசகர் அம்மா கேட்கும்போது, காரில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

பட்டாணியின் அம்மா


ஜூன் 27, வெள்ளி

பட்டாணியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பாடம் நடக்கும் வண்டியிலேயே படித்தேன். ஓட்டிக்கொண்டிருந்த பையன், "சார், லெஃப்டா ரைட்டா?" என்று மூன்று முறை கேட்டானாம். எனக்குக் காதில் விழவில்லை.

காலை வேளையை நிறுத்திவிடாதே. உன்னிடம் நான் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. வாடகை வீட்டை விட்டுப் போ என்றாய், போனேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும் என்றாய், சரி என்றேன். இதை மட்டும் கேட்கிறேன். அவள் என்னோடு பேசுவது அந்த வண்டிக்குள்தான். பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் நசுங்கிக்கொண்டு அவள் எதைச் சொல்வாள், எனக்கு எது கேட்கும்?

குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிட்டால் உனக்கு என் மேல் சந்தேகம் தீரும். அதற்கு வழி செய்துவிட்டேன். திங்கள் முதல் இன்னும் முன்னதாகவே வந்து அந்தச் சந்தில் காவல் இருக்கப் போகிறேன். யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடமாட்டேன். ஓடினால் துரத்த வசதியாக இஞ்சினைக்கூட அணைக்காமல் வைத்திருப்பேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

ஜன்னல் கயிறு பலமான கயிறுதானே?

பட்டாணியின் அப்பா


ஜூலை 1, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தனியாக இருக்கும்போது இதைப் படியுங்கள்.

இன்று விடியும் முன்பே எழுந்து பட்டாணியின் அறையில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கயிறு கட்டியபடி இருந்தது. கொஞ்ச நேரத்தில் சந்துக்குள் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம். நின்ற பிறகும் இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உடனே பட்டாணி எழுந்தாள். தூக்கக் கலக்கமே இல்லை. பழக்கமான கை, இருட்டிலேயே முடிச்சை அவிழ்த்தாள். ஜன்னலைத் திறந்து, கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். புகை அந்த ஒடுங்கின சந்தில் வெளியேற வழியில்லாமல் சுவரோடு ஏறி, நேராக அவள் முகத்துக்கு வந்தது. நான் அவளைப் பின்னால் இழுத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

உங்கள் வண்டி. சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, எத்தனை நாளாக இது என்று கேட்டேன். முதலில் அழுதாள். பிறகு சொன்னாள், "அப்பா தினமும் இருட்டுலயே வந்துடுவாரும்மா. லேட்டானா நீ அவரை வரக்கூடாதுன்னு சொல்லிடுவேல்ல, அதான். வண்டி சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. ஜன்னலை மூடினா சரியா கேக்காது." உங்களைக் காட்டிக்கொடுத்தால் நான் சண்டை போடுவேன் என்று, மூச்சு முட்டிய அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை.

உங்கள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நெரிசலுக்கு முன்னால் கிளம்பினால்தான் ஏழரைக்கு என் வாசலில் நிற்க முடியும் என்று இருட்டோடு வந்து, கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறீர்கள். அவள் ஏறும்போது வண்டி குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று வேறு. உங்களை அந்தச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தியது என் வாய்தான். ஒரு நாள் லேட்டானாலும் கட் என்று சொன்ன வாய்.

அந்த நிபந்தனையை எடுத்துவிடுகிறேன். தாமதமானால் ஆகட்டும். காலை வேளை உங்களுடையதுதான், அதைப் பிடுங்க மாட்டேன். வண்டியை மட்டும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் சொல்லாமல் விட்டால் நாளைக்கும் அந்த வண்டி வரும், அவளும் ஜன்னலைத் திறப்பாள்.

நான்


ஜூலை 4, வெள்ளி

உங்களுக்கு,

மூன்று நாளாக நீங்கள் வரவில்லை. கடிதமும் இல்லை. போன் அணைந்திருக்கிறது. விதியை மீறி நான்தான் போன் செய்தேன், ஆலோசகர் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

சந்தில் இப்போது புகை இல்லை. பட்டாணி ராத்திரி இருமவில்லை. இன்ஹேலரை ஒரு நேரம் குறைத்திருக்கிறோம். டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஏனென்றால் இருட்டிலேயே எழுந்து ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் வரவில்லை என்றதும் திரும்ப வந்து படுத்துக்கொள்கிறாள். தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. நேற்று பஸ்ஸில் என்னோடு வரும்போது, "நான்தான் உன்கிட்ட சொல்லிட்டேன், அதான் அப்பா வரல" என்றாள். மூச்சு திரும்பக் கிடைத்தது என்று கும்பிடுவதா, அவள் முகத்தைப் பார்த்து அழுவதா?

இதை நேரில் கொடுக்கலாம் என்று உங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தேன். வகுப்பில் இருக்கிறீர்களாம். வாசலில் உங்கள் சொந்த வண்டி தூசி படிந்து நின்றது. எங்கேயோ எடுத்துப் போய் எதிலாவது மோதிக்கொண்டீர்களோ என்று மூன்று நாளாக என்னென்னவோ நினைத்துப் பயந்திருந்தேன். அந்தத் தூசியைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. கடிதத்தை உங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

உங்களைத் தண்டிக்க நான் அதை எழுதவில்லை. எப்படியாவது வாருங்கள். எதில் வந்தாலும் சரி, அந்த வண்டியில் மட்டும் வேண்டாம்.

நான்


ஜூலை 6, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

நீ வந்தபோது நான் வகுப்பில் இல்லை. உள்ளறையில், கதவுக்குப் பின்னால் இருந்தேன். உன் குரல் கேட்டது. வெளியே வர முகம் இல்லை.

உன் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தைப் படித்த அன்று பாடம் எடுக்கப் போனேன். பழகுகிற பெண் ஒரு சைக்கிள்காரரை ஒட்டிப் போனாள். என் கால் இரண்டாவது பிரேக்குக்குப் போகவே இல்லை. அவளே மிதித்து நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்றாள். ஊரில் ஒருவரையும் நம்பாமல் என் பிள்ளையைக் கண்ணாடிக்குள் பொத்திப் பொத்தி வைத்தேன். பால் வண்டிக்காரரைப் பிடித்துத் திட்டினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் வண்டியின் பின்பக்கம் தெரியவில்லை. பின்னால் பார்க்க எனக்கு எத்தனை கண்ணாடி இருந்து என்ன?

ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு உள்ளே இழுத்தது கண்ணை மூடினால் தெரிகிறது. அந்த விடியற்காலையும் நான் கீழேதான் இருந்தேன். அதனால்தான் உடனே மேலே வந்தேன். அவளைக் காப்பாற்ற நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். இனி அவளை எந்த முகத்தோடு பார்ப்பது என்று புரியாமல்தான் மூன்று நாள் வரவில்லை. அவள் தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறாள் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, என் வெட்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். வெட்கப்பட எனக்கு வாழ்நாள் இருக்கிறது. அவள் திங்கள்கிழமை பள்ளிக்குப் போக வேண்டும்.

நேற்றே விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஒத்திகை பார்த்துவிட்டேன். உங்கள் தெருமுனை நிறுத்தத்தில் இறங்கினால் நேரம் தாராளமாக இருக்கிறது. ஓட்டுநர் என் பழைய மாணவர். என்னைப் பார்த்ததும் ஏற்கெனவே கட்டியிருந்த பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். வழியெல்லாம் என் கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். பட்டாணியோடு பள்ளி வரை நடக்கும் உள்தெருவையும் நடந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் திருப்பம் மோசம். அங்கே கையைப் பிடித்துக்கொள்வேன், நீ பயப்படாதே. நான் பயப்படுகிறேன், அது போதும்.

வண்டியை விற்பேன் என்று வீரம் பேச மாட்டேன். யாராவது வாங்கி வேறொரு ஜன்னலுக்குக் கீழே நிறுத்துவார்கள். தேவைக்கு மட்டும் எடுப்பேன். வகுப்பில் இதுவரை முதல் பாடம் இஞ்சினைக் கிளப்புவது. நேற்றிலிருந்து முதல் பாடம் அணைப்பது. நிற்கும்போதெல்லாம் அணைக்கச் சொல்கிறேன். பாதிப் பேர் முணுமுணுக்கிறார்கள்.

ஒன்றுதான் யோசனையாக இருந்தது. வண்டிச் சத்தம் இல்லாமல் நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டால் தெருவே எழுந்துவிடும். ஜன்னலையும் திறக்கக் கூடாது. நேற்று சந்தில் நின்று பார்த்தபோது, உங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறும் இரும்புக் குழாய் கண்ணில் பட்டது. அவள் கட்டில் தலைமாட்டுச் சுவரை ஒட்டித்தானே போகிறது? திங்கள் காலை அதில் தட்டுகிறேன். வண்டிச் சாவி சும்மாதானே இருக்கிறது, அதாலேயே தட்டுகிறேன். அவளிடம் சொல்லி வை. ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

பட்டாணியின் அப்பா


ஜூலை 8, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றைக்கு உங்களிடம் சரியாகப் பேச முடியவில்லை. அவள் உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றபோது, நான் ஏதாவது சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று உள்ளே போய்விட்டேன். வரவேற்கத் தெரியாதவள் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு ராத்திரி முழுக்க அவள் குழாய்ப் பக்கத்துச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மேல்வீட்டில் யாரோ தண்ணீர் திறந்த போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். விடியும் நேரத்தில் சாவிச் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் போகவே இல்லை. சுவரில் தன் விரல் முட்டியால் பதிலுக்குத் தட்டினாள். உங்களுக்குக் கேட்டிருக்காது. பிறகு திரும்பிப் படுத்து, எழுப்பும்வரை தூங்கினாள். மூடின ஜன்னலுக்குள் அவள் அப்படித் தூங்கி எத்தனை நாளாயிற்று.

இருமல் இன்று காலை மறுபடி கொஞ்சம் இருந்தது. உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்கிறேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். உடனே போய்விடாது, மாதக்கணக்கில் ஆகும், முன்பக்கச் சாலை அப்படியேதானே இருக்கிறது என்றார். உங்கள் ஒரு வண்டி நின்றதால் அந்தச் சாலை குறைந்துவிடவில்லை. கடைத் துணியை அலசினால் இன்றும் கறுப்புத் தண்ணீர்தான். பயம் எனக்குப் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து அவள் மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.

அவள் இன்று சாயங்காலம் வந்து சொன்னதை எழுதிவிடுகிறேன், "வண்டியில நான் பேசுவேன், அப்பா ரோட்டைப் பாப்பார். நடக்கும்போது என்னைப் பாக்கறார்."

இன்னொரு விஷயம். அந்தச் சந்தில் இருட்டில் நீங்கள் தனியாக நிற்பதை இன்று சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நெரிசலுக்கு முன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருப்பதால் இனியும் சீக்கிரம்தான் வருவீர்கள், ஏழரை வரை நிற்பீர்கள். கொசு கடிக்கும். நாளையிலிருந்து கீழ்க்கதவைத் தாழ் போடாமல் வைக்கிறேன். குழாயைத் தட்டிவிட்டு மேலே வந்துவிடுங்கள். தட்டாமல் வரக் கூடாது, அவள் அதைக் கேட்டுத்தான் நிம்மதியாகத் தூங்குகிறாள். இதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலோசகர் அம்மாவிடம் நாம் பேச வேண்டியது பேச வேண்டியபடியேதான் இருக்கிறது. இது டீ மட்டும்தான்.

எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது மறந்துவிட்டது என்று எழுத ஆசையாக இருந்தது. மறக்கவில்லை.

நான்